பேர்கனில் ஒரு நாள் வெயில்

1

ஒரு பெண் என்னிடம் வந்து கப்பலை நிறுத்தச் சொன்னார். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்குக் கப்பலில் போகும் பெட்டிகளை நாங்கள் பொறுப்பெடுப்போம். நீளம், அகலம், உயரம் அளப்போம். லொறியில் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே முன்பின் தெரியாத பலருடைய பெட்டிகளோடு சேர்த்து ஒரு கொன்ரெயினருக்குள் அடுக்குவார்கள். மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

ஆட்கள் வராத நேரங்களில் மேசை லாச்சியைப் பாதி திறந்துவைத்து, அதற்குள் கிடக்கும் நாவலை வாசிப்பேன். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி பெய்யும், ரயில் தாமதமாகும், யாராவது யாருக்காவது துரோகம் செய்வார்கள். [முதலாளி பிரகாஸ் அண்ணைக்கு இது தெரியும். “உள்ளுக்கை இண்டைக்கு ஆர் செத்தது, ஆரபி?” என்று கேட்டுக்கொண்டு போவார்.]

அன்றைக்கு யாரும் சாகவில்லை. ஒரு கிராமத்து மருத்துவர் குதிரைவண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வண்டி வருவதற்குள் எனக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

“பிள்ளை, கப்பலை நிப்பாட்ட ஏலுமே?”

நிமிர்ந்தேன். நாற்பது வயதிருக்கும். வேர்த்து வழிந்தது. சீலைச் சட்டையின் கழுத்தோரம் நாலைந்து குண்டூசிகள் குத்தியிருந்தன. கழற்ற மறந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். றபீக்காவின் தையல் கடையில் வேலை செய்யும் உதயகலா அக்கா என்று அந்த ஊசிகளைக் கண்டபிறகுதான் அடையாளம் பிடித்தேன்.

“எந்தக் கப்பல் அக்கா?”

“றாத்தான்ரை பெட்டி போன கப்பல். நோர்வேக்கு.” றபீக்காவை அவர் றாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

“அது போய்க் கனநாளெல்லே. இப்ப நடுக்கடலிலை எங்கையோ நிக்கும்.”

“அதுதான் கேக்கிறன். போற வழியிலை எங்கையாவது மறிச்சு அந்தப் பெட்டியை மட்டும் இறக்கேலாதே? பஸ்ஸெண்டால் இறக்கலாம்.”

“பஸ்ஸெண்டால் கொண்டக்டருக்குப் போன் எடுத்துச் சொல்லலாம்.”

“ஏன், கப்பலுக்குக் கொண்டக்டர் இல்லையோ?”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபிறகு கதிரையை இழுத்துக் கொடுத்து, தண்ணீர்ப் போத்தலைத் தள்ளி வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல, லாச்சிக்குள் இருந்த மருத்துவரை நான் மறந்துபோனேன்.

2

வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். கீழே இருப்பவை நான் எழுதிய தொடக்கங்கள். வெட்டியவற்றை மறைக்காமல் வைத்திருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

முதலாவது: “துறைமுகத்தின் மீது பனிமூட்டம் கவிந்திருந்த ஒரு நவம்பர் மாலையில், முதிய மாலுமி ஒருவர் தன் குழாயைப் பற்றவைத்து —”

[வெட்டியாயிற்று. நான் பார்த்த துறைமுகம் காங்கேசன்துறை. முதிய மாலுமி ஒருவரையும் எனக்குத் தெரியாது. மேலும், இந்தப் பெட்டி முதலில் போனது லொறியில்.]

இரண்டாவது: “றபீக்கா தோள்களைக் குலுக்கினாள். ‘ஆ, என் அன்பே, வாழ்க்கை அப்படித்தான்’ என்றாள் —”

[வெட்டியாயிற்று. யாழ்ப்பாணத்தில் யாரும் தோள்களைக் குலுக்கி நான் கண்டதில்லை. றபீக்கா அக்காவின் தோளில் எப்போதும் அளவு நாடா கிடக்கும். குலுக்கினால் விழுந்துவிடும். அவர் யாரையும் ‘என் அன்பே’ என்று கூப்பிடுவதும் இல்லை. உதயகலாவை ‘எடியே கலா’ என்பார்.]

மூன்றாவது: “பெட்டிக்குள் வெள்ளைச் சட்டைகள் இருந்தன.”

இது நிற்கட்டும்.

பெட்டிக்குள் வெள்ளைச் சட்டைகள் இருந்தன. முதல் நன்மை, அதாவது தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை, எடுக்கும் சிறுமிகளுக்கான கவுன்கள். நோர்வேயில் பேர்கன் என்ற நகரத்தில் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் இந்த வைகாசியில் முதல் நன்மை எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவர் லவீனா, குருநகரைச் சேர்ந்தவர். தன் தங்கையின் மகளுக்கு றபீக்கா தைத்த சட்டையைப் படத்தில் பார்த்துவிட்டு, தன் மகள் ஜெசிதாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓடர் கொடுத்தார். பட்டுத் துணி, மேலே வலை, உள்ளே விறைப்பான பாவாடை. நிறை இல்லை, ஆனால் இடம் அடைக்கும். விமானத்தில் அனுப்பினால் காற்றுக்குக் காசு கட்ட வேண்டும். அதனால் கப்பல்.

றபீக்காவுக்கு அதுதான் முதல் வெளிநாட்டு ஓடர். “லவீனா நல்லா இருக்கெண்டு சொன்னால் நோர்வே முழுக்கக் கேக்கும்” என்று பெட்டியை அளக்கும்போது என்னிடம் சொன்னார். “கூடாதெண்டு சொன்னாலும் முழுக்கக் கேக்கும்.” பெட்டியின் மேல் கையை வைத்தபடி சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

றபீக்கா தொண்ணூறாம் ஆண்டு சிறு பிள்ளையாக இருந்தபோது, இந்த ஊர் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து, குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர். புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, சோனகதெருவில் கடை போட்டவர். [இந்த வசனத்துக்குள் ஒரு முழு நாவல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதலாமா என்று கேட்டேன். “உதுக்குள்ளை அதை இழுக்காதை. அதுக்கு வேறை ஆள் வேணும், வேறை நாள் வேணும். இது சட்டைக் கதை. சட்டையை எழுது” என்றார்.]

3

சட்டையை எழுதுகிறேன்.

பெட்டி கட்டிய அன்று றபீக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். உதயகலா தனியே நின்று சட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணினார். ஒவ்வொன்றையும் மடிக்கும் முன், குழைத்த மஞ்சளில் விரல் நுனியைத் தொட்டு, கீழ்க்கரையின் உட்புறத்தில், மடிப்பைக் கொஞ்சம் விரித்து, யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு சூட்டோடு சூடாகப் பொலித்தீன் பைக்குள் போட்டு ஒட்டினார். மஞ்சளை வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்திருந்தார்.

எங்களுடைய வீட்டிலும் புது உடுப்பு உடுக்கும் முன் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம். ஏன் என்று நானும் கேட்டதில்லை. ஆனால் ஒரு கதாபாத்திரம் அதைச் செய்தால் காரணம் வேண்டும் என்று நாவல்கள் எனக்குப் பழக்கியிருக்கின்றன. ஆகவே எழுதினேன்:

“உதயகலாவுக்கு ஒரு மகள் இருந்தாள். கடல் கடந்து போனவள் திரும்பவில்லை. கடலைத் தாண்டும் எந்த உடுப்பையும் வெறுமையாக அனுப்ப அந்தத் தாயின் விரல்கள் —”

இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“ஆர் மகள்?”

“கதைக்கு அக்கா.”

“எனக்கு ரெண்டு பெடியள். ரெண்டும் ஒரு இடமும் போகாமல் வீட்டிலை நிண்டு என்னைக் கொல்லுதுகள். உதை வெட்டு.”

“அப்ப ஏன் வச்சனீங்கள்?”

“புதுசெல்லே.”

“அது மட்டுந்தானோ?”

“புதுசுக்கு ஒண்டும் வைக்காமல் எப்பிடி அனுப்பிறது? சின்னப் பிள்ளையள். முதல் முதல் உடுக்கப்போகுதுகள். நீயெண்டால் சும்மா அனுப்புவியோ?”

மகளை வெட்டிவிட்டேன். [எங்கேயோ கடல் தாண்டிப்போய் வராமல்விட்ட அந்தப் பெண்ணை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. மூன்று வரி வாழ்ந்தாள்.]

பிழை என்னவென்றால் ஈரம். தெளித்த தண்ணீர் ஆவியாகிப் பைக்குள்ளேயே நின்றது. மஞ்சள் ஊறியது. உதயகலாவுக்கு இது எப்படித் தெரிந்தது? மாதிரிக்கென்று தைத்த ஒரு சட்டை கடையில் மிஞ்சியிருந்தது. அதற்கும் பொட்டு வைத்து, அதே மாதிரிப் பையில் ஒட்டி, அலுமாரியில் வைத்திருந்தார். வாரங்கள் கழித்து, கடையின் முன்கண்ணாடிக்குள் தொங்கவிடலாம் என்று வெளியே எடுத்தார். உள்ளே வைத்த பொட்டு துணியைக் கடந்து முன்பக்கம் வந்திருந்தது. வெள்ளைப் பட்டில் பிறை வடிவில் மஞ்சள்.

அந்த நேரம் றபீக்கா நூல் வாங்கச் சுன்னாகம் போயிருந்தார். உதயகலா கடையைச் சாத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

பேர்கனில் ஒரு தாய், நன்மைக்குச் சில நாள் முன்னால், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து விரிப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

4

இந்தப் பகுதியில் கடல் வர வேண்டும்.

நாவல்களில் கடல் வந்தால் ஏதாவது நடக்கும். இங்கே நடப்பது இவ்வளவுதான்: ஒரு பெட்டி இருட்டில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் யாருடையவோ தேயிலை, யாருடையவோ தளபாடம். செங்கடல் பக்கம் இப்போது பல கப்பல்கள் போவதில்லை என்பதால் ஆபிரிக்காவின் அடிமுனையைச் சுற்றிப் போகிறது. பிறகு ஒரு பெரிய துறைமுகத்தில் இறக்கி, சின்னக் கப்பலில் ஏற்றுவார்கள். பகலில் இரும்புப் பெட்டி கொதிக்கும். இரவில் குளிர்ந்து உள்ளே வேர்க்கும். ஈரம் இழுக்கும் பொட்டலங்கள் தொங்கும்தான். ஆனால் ஒட்டிய பொலித்தீன் பைக்குள் இருக்கும் ஈரத்தை அவை எப்படி இழுக்கும்?

பொட்டு பெரிதாகிக்கொண்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. கப்பலில் உள்ளவர்களுக்கு அது ஒரு இலக்கம்.

எழுதுகிற எனக்கே செய்ய ஒன்றும் இல்லை. புயலைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். அலையில் கொன்ரெயினர்கள் சரிந்து விழுவது உண்மையில் நடக்கிறதுதான். உதயகலாவிடம் சொன்னேன்.

“விழுந்தால் நல்லம்” என்றார் உடனே. பிறகு: “இல்லை, விழ வேண்டாம். மற்றச் சனத்தின்ரை பெட்டியும் கிடக்கு. பாவம்.”

புயலையும் வெட்டினேன்.

5

“நீயும் வா பிள்ளை” என்றார் உதயகலா அன்றைக்கு. “உன்னைக் கண்டால் றாத்தா ஏசமாட்டா.”

பிரகாஸ் அண்ணையிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்னுக்கு வாங்கிக்கொண்டு போனேன். சுன்னாகத்திலிருந்து திரும்பியிருந்த றபீக்கா என்னைக் கண்டும் ஏசினார். அது கொஞ்சம் கழித்து. முதலில் சட்டையைத்தான் கண்டார்.

“இதென்ன கலா? கறிக் கையாலை தொட்டனியோ?”

“இல்லை றாத்தா. வச்சனான்.”

“என்னத்தை?”

“மஞ்சள்.”

“ஏன்?”

“புதுசெல்லே.”

றபீக்கா சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மெதுவாகக் கேட்டார்.

“எத்தினைக்கு?”

“எல்லாத்துக்கும்.”

அளவு நாடா தோளிலிருந்து நழுவி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“யா அல்லாஹ்! வேதக்காரப் பிள்ளையளின்ரை சட்டை. கோயிலுக்கை நிக்கப் போற சட்டை. நான் தைச்சது, நீ பூசினது. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியோடி? ஒரு சொல்லு?”

“கேட்டால் விடமாட்டியளெண்டுதான் கேக்கேல்லை.”

“பாத்தியோ வாயை!”

[இந்த இடத்தில் கதை ஒரு நல்லிணக்கச் சுவரொட்டியாக மாறப் பார்க்கிறது. மூன்று சமயங்கள், ஒரு வெள்ளைச் சட்டை, கீழே நிதி கொடுத்த நிறுவனத்தின் சின்னம். அப்படி ஒன்றும் அந்தக் கடையில் நடக்கவில்லை. றபீக்கா கத்தினார், உதயகலா அழுதார், நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.]

கத்தி முடிந்ததும் றபீக்கா சட்டையைப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கொண்டுபோனார். சவர்க்காரத்தை எடுத்தார்.

“ஐயோ றாத்தா, சவர்க்காரம் போடாதேங்கோ!”

போட்டாயிற்று. கோபத்தில் மறந்துவிட்டார். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிறை சிவந்தது. இரத்தச் சிவப்பு. வெள்ளைப் பட்டில், ஒரு சின்னப் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே வரும் இடத்தில்.

மூன்று பேருடைய கண்ணுக்கும் ஒரே காட்சிதான் வந்திருக்க வேண்டும்: லவீனா மஞ்சளைக் காண்கிறார், பதறுகிறார், சவர்க்காரம் போடுகிறார்.

உதயகலா தன் சாப்பாட்டுப் பையிலிருந்து பாதித் தேசிக்காயை எடுத்துப் பிழிந்தார். சிவப்பு திரும்பவும் மஞ்சளானது. அதற்குமேல் அசையவில்லை. றபீக்கா சட்டையை வாங்கி, “போய்க் கிட அங்கை” என்று சொல்லிக் கொடியில் எறிந்தார். அது மதியம். பங்குனி வெயில். நான் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பின்னேரம் அலுவலகம் மூடும் நேரம் உதயகலா மறுபடி ஓடி வந்தார். கையில் சட்டை. என் மேசையில், அளக்கும் கோலுக்கு மேல், விரித்துப் போட்டார்.

“பார்.”

பார்த்தேன். “எங்கை?”

“அதுதான். எங்கை?”

நுனியிலிருந்து நுனிவரை தேடினேன். பிரகாஸ் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து தேடினார். முன்பக்கத்தில் ஒன்றும் இல்லை. காயவிட்டதை எல்லோரும் மறந்துபோக, வெயில் அதைத் தின்றுவிட்டிருந்தது. கண்ணாடிக்குள் தொங்கவிடும் துணியையெல்லாம் வெயில் வெளிறச் செய்கிறது என்று றபீக்கா வருசக்கணக்காகத் திட்டுவார். அதே வெயில்.

உதயகலா கதிரையில் விழுந்து, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுதத்தான் இந்தக் கதையையே தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கதை முடியவில்லை. பெட்டி கடலில் இருக்கிறது. லவீனாவின் வீட்டில் சவர்க்காரம் இருக்கிறது.

6

லவீனாவுக்குச் சொல்ல வேண்டும். பெட்டி போய்ச் சேரும் முன் சொல்ல வேண்டும். சொன்னால் றபீக்காவின் முதல் ஓடர் கறையோடு தொடங்கும். சொல்லாவிட்டால் அந்தக் கறை சிவக்கும்.

மறுநாள் றபீக்கா வட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்யத் தொடங்கினார். அவருடைய தொடக்கங்கள் இவை. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“லவீனாத் தங்கச்சி, எப்பிடிச் சுகம்? பிள்ளையள் சுகமோ? அங்கை குளிர் எப்பிடி? நான் ஏன் எடுத்தனானெண்டால் —” அனுப்பினார். அழித்தார்.

“தங்கச்சி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, ஆனால் —” அனுப்பினார். அழித்தார்.

“எங்கடை கடையிலை ஒரு விசர் நிக்குது —” உதயகலா நிமிர்ந்து பார்த்தார். அழித்தார்.

[என்னுடைய மாலுமியையும் பனிமூட்டத்தையும் நான் ஏன் மறைக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அன்றைக்குத்தான் புரிந்தது, எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரிய கஷ்டம் என்று நான் நினைத்திருந்தது எல்லோருக்கும் உரியது என்று. ஒரு வித்தியாசம்: நான் வெட்டினால் யாருக்கும் தெரியாது. வட்ஸ்அப்பில் அழித்தால், அழித்ததாக அங்கே காட்டும்.]

லவீனாவின் குரல் வந்தது.

“அக்கா, ஏன் அனுப்பி அனுப்பி அழிக்கிறியள்? எனக்கு நெஞ்சு இடிக்குது. சொல்லுங்கோ. கப்பல் கவிண்டிட்டுதோ?”

றபீக்கா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். “கப்பல் கவிழேல்லை தங்கச்சி. சட்டையிலை மஞ்சள்.” பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பொட்டு, ஈரம், சவர்க்காரம், தேசிக்காய், வெயில். “சவர்க்காரம் மட்டும் காட்டிப்போடாதேங்கோ. தண்ணியிலை அலசி வெயில்லை போடுங்கோ, போயிடும்.” அனுப்பினார். இந்த முறை அழிக்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அதிலிருந்து தள்ளிப்போய் நின்றார்.

பதில் வந்ததும் உதயகலாதான் போனை நிமிர்த்தி அழுத்தினார். முதலில் சிரிப்பு. நெடுநேரம் சிரிப்பு மட்டும்.

“ஐயோ அக்கா! நான் பெட்டி துலைஞ்சு போச்செண்டெல்லே நினைச்சன். மஞ்சளோ? சரி, ஃபாதருக்கு மட்டும் சொல்லாதேங்கோ. மற்றதை நான் பாக்கிறன்.” பிறகு: “ஆனால் அக்கா, வெயிலுக்கு நான் எங்கை போறது? இது பேர்கன். இஞ்சை பிள்ளையள் குடையோடைதான் பிறக்கிறது.”

7

முடிவுகள். ஒன்றுக்கு மேற்பட்டவை எழுதியிருக்கிறேன்.

முதல் முடிவில், பெட்டி வந்துசேரும்போது பைக்குள் ஈரமே இல்லை. மஞ்சள் பொட்டு வைத்த இடத்திலேயே நிற்கிறது. [இது ஏமாற்று. இவ்வளவு நேரம் உங்களைக் காக்கவைத்துவிட்டு இப்படி முடித்தால் புத்தகத்தை எறிவீர்கள்.]

இரண்டாவதில், வெயில் வரவே இல்லை. பிள்ளைகள் மஞ்சள் பிறையோடு பீடத்தின் முன் நிற்கிறார்கள். பாதிரியார் குனிந்து பார்த்து, நீலக் கண்கள் கலங்க — [வெட்டியாயிற்று. மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் பாதிரியார் இவர். எப்போது பார்த்தாலும் கண் கலங்குவார்.]

நடந்தது இது.

பெட்டி சித்திரைக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. லவீனா படங்கள் அனுப்பினார். அநேகமாக எல்லாச் சட்டைகளிலும் மஞ்சள் வெளியே வந்திருந்தது. சிலதில் பிறை, சிலதில் முழுநிலவு. அலசி எடுத்துவிட்டார். வெளியே மழை.

மறுநாளும் மழை. அதற்கடுத்த நாளும்.

நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள தன் வீட்டில், உதயகலா காலையில் எழுந்ததும் போனில் பேர்கனின் வானிலையைப் பார்க்கத் தொடங்கினார். பெரிய மகன்தான் போட்டுக் கொடுத்தான். நீர்வேலியில் மழையா வெயிலா என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது “பேர்கனிலை இண்டைக்கும் மழை” என்பார். கொண்டக்டர் கேட்டாராம், “அங்கை ஆர் அக்கா, மகனோ?” “இல்லை, சட்டை” என்றாராம்.

கடையில் றபீக்கா ஒன்றும் கேட்கமாட்டார். உதயகலா உள்ளே வந்ததும் முகத்தைப் பார்ப்பார். பிறகு மெசினுக்குத் திரும்புவார். ஒரு நாள் மட்டும் சொன்னார், “துஆ கேட்டிருக்கிறன். நீயும் உன்ரை பிள்ளையாரிட்டைக் கேள். லவீனாவை அந்தோனியாரிட்டைக் கேக்கச் சொல்லுறன். ஒராளெண்டாலும் எடுப்பினம்.”

நன்மைக்கு முந்தைய சனிக்கிழமை பின்னேரம், நான் என்னுடைய ஒரு சட்டையைக் கைநீளம் குறைக்கக் கொடுக்கவென்று கடையில் நின்றேன். [இது பொய். சட்டை சரியான அளவுதான். கதை அங்கே இருந்தது, அதனால் போனேன்.] றபீக்காவின் போன் அடித்தது. வீடியோ.

திரை முழுக்க வெள்ளை. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு காற்று அடித்தது, வெள்ளை விலகியது, நீலம் தெரிந்தது. ஒரு அடுக்குமாடி வீட்டின் பல்கனிக் கம்பியில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. உள்பாவாடைகள் காற்றில் ஊதி, தலையில்லாத பிள்ளைகள் சுற்றி நின்று ஆடுவதுபோல் இருந்தது. லவீனா வாயில் இரண்டு கிளிப்போடு அங்குமிங்கும் ஓடினார்.

“வெயில் அக்கா! வெயில்! ஒம்பது மணிக்கே வந்திட்டுது. இஞ்சை ஆக்கள் வேலைவெட்டியை விட்டிட்டு வெளியிலை படுத்திருக்கினம். கீழ்வீட்டு மனிசி கேக்குது என்ன கலியாணமோவெண்டு!”

“கறை?” என்றார் றபீக்கா.

“நிக்குது. ஆனால் வெளிறியிருக்கு. எங்கடை யாழ்ப்பாண வெயில் மாதிரி அடிக்காது, இது தடவுற வெயில். ஆனால் ராவு பத்து மணிமட்டும் இருக்கும். நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

அடுத்த நாள் பின்னேரம் லவீனாவின் படம் வந்தது. ஜெசிதா, கையில் மெழுகுதிரியோடு. வெள்ளை. பெரிதாக்கிப் பார்த்தோம். வெள்ளை. இன்னும் பெரிதாக்கினோம், துணி புள்ளிபுள்ளியாக உடையும்வரை. வெள்ளை.

றபீக்கா போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் முகத்தைத் தடவி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு உதயகலாவின் முதுகில் ஒரு அடி. நல்ல சத்தமாக.

“இனிமேல் வைக்கிறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டு வை. மஞ்சள் தூள் வேண்டாம். கரைக்குள்ளை மஞ்சள் நூலாலை ஒரு தையல் போடு. சாயம் போகாது.”

“நூல் மஞ்சளாகுமோ றாத்தா?”

“மஞ்சள் நூல் மஞ்சள்தானேடி!”

உதயகலா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில், யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

“கறை போயிட்டுது. அப்ப நான் வச்சதும் போயிட்டுதோ?”

றபீக்கா குனிந்து அளவு நாடாவைத் தேடினார். அது தோளில்தான் இருந்தது.

8

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முயன்றேன். “அன்பு என்பது கறையைப் போல —” என்று ஒரு வசனம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்டினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அவர் பொட்டு வைத்தது கரையின் உட்புறத்தில், மடிப்பை விரித்து. ஊறி வெளியே வந்ததைத்தான் எல்லோரும் கறை என்றோம். பல்கனியில் வெயில் தொட்டதும் வெளிப்பக்கத்தைத்தான். மடிப்புக்குள், துணியும் துணியும் ஒட்டியிருக்கும் அந்த இருட்டுக்குள், அந்தத் தடவுகிற வெயில் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கடையில் உள்ள மாதிரிச் சட்டையைப் பார்க்கலாம் என்று போனேன். வட்டுக்கோட்டையில் ஒரு பிள்ளைக்கு அதை விற்றுவிட்டார்கள்.

லவீனாவிடம் கேட்கலாம். ஒரு குறுஞ்செய்தி போதும். உதயகலா ஒரு நாள் “கேள்” என்கிறார், அடுத்த நாள் “கேக்காதை” என்கிறார். றபீக்கா அடுத்த வருசத்துக்கான அளவுகள் வந்துவிட்ட சந்தோசத்தில் இருக்கிறார். எங்கள் இருவரையும் வேலை இல்லாதவர்கள் என்கிறார்.

ஆகவே நான் கேட்கவில்லை. பேர்கனில் ஒரு வீட்டில், ஒரு அலுமாரியில், ஜெசிதாவின் சட்டை தொங்குகிறது. கதவு பூட்டியில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், திறவுங்கள். கீழ்க்கரை உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. மடிப்பை விரித்தும் பார்க்கலாம், விரிக்காமலும் விடலாம். நான் இதற்குமேல் வரமாட்டேன்.

ஒன்று மட்டும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். வெள்ளைத் துணி.